நாலு சேனல் போதுமுங்க!

"கம்ப்யூட்டர்ல தட்டுறதெல்லாம் ஒரு மியூசிக்கா?" இப்படிக் கேட்பவர்கள் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டே கேட்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. அந்த இயர்போனில் ஓடுகிற பாட்டு எங்கே பிறந்தது என்று நினைக்கிறார்கள்? 1986ல் புன்னகை மன்னன் படத்துக்கு இளையராஜா சீக்வென்சர் பயன்படுத்தினார். 1992ல் ரோஜா வந்தபோது "இது மெஷின் சத்தம்" என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அப்புறம் அவர்களே தலையாட்டினார்கள். ஆக, சென்னையில் சினிமாக்காரர் செய்தால் புதுமை. மடத்துக்குளத்தில் காலேஜ் பையன் செய்தால் ஏமாற்று வேலை. இது என்னங்க நியாயம்?

சும்மா எரிச்சலில் சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு கல்லூரிக் கலைவிழா (பெயர் வேண்டாம், விடுங்கள்). இசைப் போட்டியின் விதிகளில் ஒன்று, "கணினியில் உருவாக்கிய இசைக்கு அனுமதி இல்லை". நானும் என் நண்பனும் டிராக்கரில் எழுதிக் கொண்டுபோன மூன்று நிமிட உருப்படியைக் கேட்காமலேயே திருப்பி அனுப்பினார்கள். அதே மேடையில் கரோக்கி டிராக் போட்டு சினிமாப் பாட்டு பாடலாமாம்! அந்தக் கரோக்கி என்ன வானத்தில் இருந்து விழுந்ததா? யாரோ ஒருவர் கம்ப்யூட்டரில் செய்ததுதான். ஆக அவர்களுக்குக் கம்ப்யூட்டர் பிரச்சினை இல்லை. நாம் சொந்தமாகச் செய்ததுதான் பிரச்சினை.

சரி, டிராக்கர் என்றால் என்ன? 1987ல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி என்ற ஜெர்மன்காரர் அமிகா கம்ப்யூட்டருக்காக அல்டிமேட் சவுண்ட்டிராக்கர் என்று ஒரு மென்பொருள் எழுதினார். அமிகாவில் இருந்த பாலா என்ற சிப்பில் (நம்ம ஊர் பாலா இல்லை!) மொத்தமே நாலு சேனல், 8 பிட் ஒலி. திரையில் நாலு பத்தி, ஒவ்வொன்றிலும் 64 வரி. ஒரு வரியில் எந்த சுரம், எந்த வாத்தியம், அதை என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளை. வரிகள் மேலிருந்து கீழே ஓடும், பாட்டு வரும். அவ்வளவுதான். ஊர் பேர் தெரியாத பசங்கள் அதைப் பிரித்து மேய்ந்து, 1989ல் நாய்ஸ்டிராக்கர், 1990ல் ப்ரோடிராக்கர் என்று கொண்டுபோனார்கள். பிறகு பிசிக்கு 1994ல் ஸ்க்ரீம் டிராக்கர் 3, ஃபாஸ்ட்டிராக்கர் 2, 1995ல் இம்பல்ஸ் டிராக்கர். பெரும்பாலும் பள்ளி, கல்லூரி வயதுப் பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து வளர்த்த கலை இது. 1998ல் வந்த அன்ரியல் விளையாட்டின் இசை இந்த முறையில்தான் செய்யப்பட்டது. இவர்கள் எல்லாம் வளர்ந்த டெமோசீன் என்ற கலையை 2020ல் பின்லாந்து தன் நாட்டு மரபுப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. நம் கலைவிழாக் கமிட்டிக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை போல :-)

"எண்களை அடிப்பது எப்படி இசை ஆகும்?" என்று அடுத்த கேள்வி வரும். நூலும் துணியுமாக வாழ்கிற நம் பக்கத்து ஆட்கள் கேட்கக்கூடாத கேள்வி இது. காஞ்சிபுரம் பட்டுத்தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கிறது. அட்டையில் ஓட்டை இருந்தால் ஒரு இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. மயிலும் மாங்காயும் அந்த ஓட்டைகளில்தான் இருக்கின்றன. அதற்காக அதை யாராவது "மெஷின் சேலை, கலை இல்லை" என்று கல்யாணத்துக்கு வாங்காமல் விட்டார்களா? டிராக்கரின் வரிகளும் அந்த அட்டைதான். டிசைன் போடுகிறவன் மூளை இல்லாமல் அட்டை தானாகக் குத்திக்கொள்ளாது.

அடுத்தது பெரிய அஸ்திரம். "நம்ம இசைக்கு கமகம் வேணும், தாளம் வேணும், அது வெள்ளைக்காரன் மெஷின்ல வராது." முதலில் தாளம். ப்ரோடிராக்கரில் ஒரு பேட்டர்ன் 64 வரி. ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம். அட்சரத்துக்கு எட்டு வரி என்று வைத்தால் சரியாக ஒரு ஆவர்த்தனம்! வழக்கமான வேகத்தில் ஒரு வரி 0.12 விநாடி, ஆவர்த்தனம் 7.68 விநாடி. மிஸ்ர சாபு வேண்டுமா? ஏழெட்டு 56. ஐம்பத்தாறாவது வரியில் பேட்டர்னை முறிக்கும் கட்டளை போட்டால் முடிந்தது. இப்போது கமகம். மூன்றாம் எண் கட்டளை ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும். எவ்வளவு வேகத்தில் என்பதையும் நாமே சொல்லலாம். நாலாம் எண் சுரத்தை அசைக்கும். கட்டை அழுத்தினால் ஒரே இடத்தில் நிற்கிற ஆர்மோனியத்தைக் கச்சேரி மேடையில் ஏற்றிக்கொண்டவர்கள், வரிக்கு வரி வழுக்கல் எழுத முடிகிற கருவியைப் பார்த்து கமகம் வராது என்கிறார்கள்! தேவராட்டத்து உருமியின் அந்த இழுப்பை ஒருமுறை பதிந்து, வழுக்கல் கட்டளை போட்டுக் கேளுங்கள். அப்புறம் பேசுவோம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நாதஸ்வர வித்வானின் மூச்சு இதில் வராது. வரும் என்று யாரும் சொல்லவும் இல்லை. தவிலைத் தூக்கிப் போட்டுவிட்டு டிராக்கரை வையுங்கள் என்பது என் வாதமே இல்லை. தவில் கற்க குரு வேண்டும், காலம் வேண்டும், வாத்தியம் வாங்கக் காசு வேண்டும். எதுவும் இல்லாத ஒருவன் மனதில் ஒரு மெட்டு இருந்தால் அவன் என்ன செய்வான்? அவனுக்கு ஒரு வாசல் இருக்கிறது, அதை மூடாதீர்கள் என்பதுதான் வாதம்.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. டிராக்கர் கோப்பில் சுரங்களும் இருக்கும், ஒலித்துண்டுகளும் இருக்கும். அடுத்தவர் பாட்டைத் திறந்தால் எந்த வரியில் என்ன செய்தார் என்று அப்படியே தெரியும். மூன்று சுரங்களை ஒரே சேனலில் படுவேகமாக மாற்றி மாற்றி வாசித்து, நாலு சேனலில் கார்டையும் நுழைத்த தந்திரத்தை ஒருவரிடமிருந்து ஒருவர் இப்படித்தான் கற்றார்கள். திருட்டும் நடந்தது, மறுக்கவில்லை. அடுத்தவர் ஒலியை உருவித் தன் பெயரைப் போட்டவர்கள் உண்டு. ஆனால் மொத்தத்தில் அது கதவில்லாத பள்ளிக்கூடம். நம் பக்கம் எப்படி? ஆர்கெஸ்ட்ரா கீபோர்டில் ஒரு நல்ல டோன் செய்துவிட்டால் அதைப் பேங்க் லாக்கரில் வைக்காத குறை!

இந்தப் பூட்டுப் புத்தி புதிதல்ல. 1984-85ல் மத்திய அரசு கிளாஸ் திட்டத்தில் சுமார் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்களைக் கொடுத்துத் தொடங்கியது. அதன் ஒலி சிப்பிலும் நாலு சேனல்தான், மூன்று சுரத்துக்கு, ஒன்று இரைச்சலுக்கு. பேசிக் மொழியிலேயே சவுண்ட் என்ற கட்டளை. என்வலப் என்று இன்னொன்று, 14 எண்களைக் கொடுத்தால் ஒலியின் வடிவத்தையே செதுக்கலாம். இங்கிலாந்தில் அதே பெட்டி வீட்டுக்குள் இருந்தது, பையன் ராத்திரி பூராவும் நோண்டினான். இங்கே அது லேபில், பீரியட் நேரத்துக்கு மட்டும். நமக்கு ஒரு இசை மரபு அதிலிருந்து முளைக்காததற்குக் காரணம் சிப் இல்லை, சாவி.

இப்போது அந்தச் சாக்கும் போய்விட்டது. 2011ல் தொடங்கி தமிழக அரசு லட்சக்கணக்கான மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுத்தது. ஓபன் எம்பிடி, மில்கி டிராக்கர் எல்லாம் இலவசம். பழைய லேப்டாப்பே தாராளம். அமிகா தரத்தில் ஒரு விநாடி ஒலிக்கு சுமார் 8 கிலோபைட்தான் ஆகும். அப்படியிருந்தும் "மியூசிக் பண்ணணும்னா லட்ச ரூபாய் ஸ்டூடியோ வேணும்" என்று சொல்லிக் கோர்ஸ் விற்கிறவர்களையும், "இது இசையே இல்லை" என்று விரட்டுகிறவர்களையும் ஒரே தராசில்தான் வைக்கிறேன். இருவரும் சொல்வது ஒன்றுதான்: நீ கேட்டால் போதும், செய்யாதே.

கல்லூரிகளுக்கு என் கோரிக்கை சின்னது. வாரத்தில் ஒரு சாயங்காலம் லேபைத் திறந்து வையுங்கள். வாத்தியார் வேண்டாம், சிலபஸ் வேண்டாம், சர்டிபிகேட் வேண்டவே வேண்டாம். உங்களிடம் லேப்டாப் இருந்தால் அதற்கும் காத்திருக்காதீர்கள். தைப்பூசத்துக்குப் பழனி போகும் காவடிக் கூட்டம் உடுமலை ரோட்டில் நம் ஊரைத் தாண்டும்போது போனில் ஒரு நிமிடம் பதியுங்கள். நாலு துண்டாக வெட்டுங்கள். முதல் வரியில் ஒன்றைப் போடுங்கள்.

மீதி 63 வரி உங்களுடையது.