வீட்டு வைத்தியம்: தொண்டை வலி விடவில்லையா?

தாய்மார்களே, வீட்டில் ஒருவருக்குத் தொண்டை வலி என்றால் நம் கை தானாக அஞ்சறைப் பெட்டிக்குப் போகிறது. அதில் தவறில்லை. ஆனால் எத்தனை நாளைக்குக் கைவைத்தியம், எப்போது கிளினிக் என்ற கணக்கு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெரும்பாலான தொண்டை வலி சளிக்காய்ச்சல் கிருமியால் வருவது. ஒரு வாரத்தில் தானே ஆறிவிடும். அதுவரை வலியைத் தணிக்க இவை போதும்.

உப்பு நீர்: ஒரு கிளாஸ் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, நாளைக்கு மூன்று நான்கு முறை கொப்பளித்துத் துப்புங்கள். விழுங்க வேண்டாம்.

தேன்: வெந்நீரில் கலந்து மெல்லக் குடித்தால் தொண்டைக்கு இதம். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு மட்டும் தேனை நாக்கில் தடவவும் கூடாது. அதிலுள்ள ஒருவகை நச்சுக் கிருமி கைக்குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

கசாயம்: சுக்கு, மிளகு, துளசி போட்டுக் காய்ச்சி இளஞ்சூட்டில் குடிக்கலாம்.

அதிமதுரம்: ஜார்ஜ் டவுன் லெபோ பசார் பக்கம் போனால் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தவிர்க்க வேண்டும். அது அழுத்தத்தை ஏற்றிவிடும்.

இவ்வளவு செய்தும் வலி விடவில்லையென்றால், காரணத்தைத் தேடுங்கள். 2015-லும் 2019-லும் சுமத்ராவில் காடும் சதுப்பு நிலமும் எரிந்த புகை பினாங்கை மூடியது, பள்ளிக்கூடங்களையே அடைத்தார்கள். அத்தகைய நாட்களில் சன்னலைச் சாத்துங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். இரவு வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுப்பவர்களுக்குப் புளித்த நீர் மேலேறித் தொண்டையைப் புண்ணாக்கும். சிகரெட்டும் அப்படியே. வெற்றிலை பாக்கு, புகையிலை சேர்க்காமல் போட்டாலும் வாய்ப் புற்றுநோயைத் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004-ல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. நம் பாட்டிமார் இதைக் கவனிக்க வேண்டும்.

தோட்டத்தில் களைக்கொல்லி அடித்து வந்தபின் தொண்டை எரிந்தால் கசாயம் காய்ச்சிக்கொண்டிருக்காதீர்கள். எந்த மருந்து அடித்தீர்கள் என்று சொல்லி உடனே மருத்துவரைப் பாருங்கள். பராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லி 2020 சனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. பழைய டப்பா மிச்சமிருந்தால் தொடாதீர்கள்.

பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. இருமல் சளி இல்லாமல் திடீர்க் காய்ச்சல், விழுங்க முடியாத வலி, கழுத்தில் நெறி கட்டுதல் இருந்தால், அது வேறுவகைக் கிருமியாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டு வீங்கும். இருதய வால்வும் கெடும். பெனிசிலின் கொடுத்தால் இதைத் தடுக்கலாம். வலி நின்றதும் நிறுத்தாமல், கொடுத்த மாத்திரையை முழுவதும் கொடுத்து முடியுங்கள்.

குரல் கம்மல் மூன்று வாரம் தாண்டினாலும், இருமல் இரண்டு வாரம் நீடித்தாலும், எச்சிலில் இரத்தம் வந்தாலும், கழுத்தில் கட்டி தெரிந்தாலும் தாமதிக்க வேண்டாம். மூச்சு முட்டினால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒருநாள் சம்பளம் போகுமே என்று தள்ளிப் போடுவது நம்மவர் வழக்கம். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். அஞ்சறைப் பெட்டிக்கு ஒரு வாரம் கொடுங்கள். அதற்குமேல் மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.