தொழில்வழிச் சிகிச்சையும் நம் மாணாக்கரும்

வைத்தியமும் பொறியியலும் அன்றி வேறு கல்வி இல்லை என்னும் எண்ணம் நம்மவர் நெஞ்சை விட்டு இன்னும் அகன்றபாடில்லை. சென்ற ஆண்டு, உயிரியற் பிரிவிலே நல்ல பெறுபேறு பெற்றும் வைத்தியத்துக்குரிய வெட்டுப்புள்ளியைச் சிறிதளவில் தவறவிட்ட மாணவன் ஒருவன், களனிப் பல்கலைக்கழகத்திலே தொழில்வழிச் சிகிச்சைப் பட்டப்படிப்புக்கு இடங் கிடைத்ததென என்னிடம் வந்தான். உடன்வந்த தந்தையார், "இவ்வளவு காலம் படிச்சது கூடை பின்னுறதுக்கோ, மாஸ்டர்?" என்றார்.

அவரை யான் குறைகூறேன். குற்றம் பெயரிலே உளது. தொழில் என்றதும் பட்டறையும் சம்பளமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின், இலக்கணம் பயின்றார்க்கு உண்டல், உடுத்தல், நடத்தல் யாவும் தொழிற்பெயரன்றோ? அப்பொருளிலேயே இங்குத் தொழிலைக் கொள்ளல் வேண்டும். பாரிசவாதத்தால் வலக்கை சோர்ந்த மாதொருத்தி, சோற்றைத் தானே பிசைந்து உண்ண வல்லளோ? ஒற்றைக் கையாற் சேலை உடுப்பது எங்ஙனம்? துருவலையில் அமர இயலாவிடின், எதனை எவ்வளவு உயர்த்தி வைத்தால் அவள் மீண்டும் தேங்காய் துருவுவாள்? இவ்வினாக்களே இச்சிகிச்சையாளர்க்குரியவை. எழுதுகோல் பிடிக்க மாட்டாத குழந்தையும், மனநோயினால் நாளின் ஒழுங்கையே இழந்தவரும் அவர் பொறுப்பினரே. உடற்கூற்றியலும் உளவியலும் கல்லாது இவற்றுக்கு விடை காணலாகாது.

கூடைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1917 இல் அமெரிக்காவின் கிளிப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரிலே இத்துறையின் முதற் சங்கத்தை நிறுவியோருள் ஜோர்ஜ் பார்ட்டன் என்பார் கட்டடக் கலைஞர். காசத்தாலும் இடப்பக்க வாதத்தாலும் வருந்தித் தம் கைவேலையாலேயே தேறியவர். முதலாம் உலகப் போரிற் காயமுற்ற வீரர்க்குக் கைப்பணிகள் பயிற்றப்பட்டன; அந்நாளைய கூடையே இன்றும் தந்தையார் கண்முன் நிற்கின்றது. ஆசியாவில் இதற்கெனப் பள்ளி முதன்முதலாக 1950 இல் பம்பாயிலே கமலா நிம்ப்கர் அம்மையாரால் தொடங்கப்பெற்றது. 1952 இல் அமைந்த உலக சம்மேளனம், பயிற்சி பெறுவோர் குறைந்தது 1000 மணித்தியாலம் நோயாளரிடையே பழகுதல் வேண்டும் என விதித்துள்ளது.

அந்த ஆயிரம் மணித்தியாலத்தை எண்ணும்போதே எனக்கு மொழி நினைவு வருகின்றது. காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பவர் மொழிபெயர்ப்பாளரை வைத்து ஒருவாறு சமாளிக்கலாம். "அடுப்படியில் எது எங்கே இருக்கிறது, ஆச்சி? கிணற்றடிக்கு எத்தனை படி?" என்று கேட்டறிய வேண்டியவர் அவ்வாறு சமாளிக்க இயலாது. தமிழறிந்த பிள்ளைகள் இத்துறைக்குச் செல்லாவிடின் இழப்பு நம் ஆச்சிமார்க்கே. படிப்போ ஆங்கில மொழிமூலம். முதலாண்டு கடினமாகவே இருக்கும். ஆங்கிலப் பாடவேளையைத் தமிழ்விழா ஒத்திகைக்கு இரவல் வாங்கிய ஆசிரியருள் யானும் ஒருவன் என்பதை இங்கு ஒப்புக்கொள்ளல் முறை.

தந்தையாருக்கு இவற்றையெல்லாம் கூறினேன். அவர் தலையசைத்தாரேயன்றி இசைந்ததாகத் தோன்றவில்லை. எனினும் பையன் சென்றான், இப்போது படிக்கின்றான். அயலார் வினவினால், "மருத்துவ பீடத்திலே படிக்கிறான்" என்று தந்தையார் விடையிறுக்கின்றாராம். அப்படிப்பு அப்பீடத்திலேயே நடைபெறுவதால் அதனைப் பொய்யென்றும் யான் சொல்லேன்.