தூக்குமேடை ஏறிய கொத்தனார்

"தலைவர்னு ஒருத்தர் இருக்காரில்ல, எல்லாத்தையும் அவர் பார்த்துக்குவார்." கிளைக் கூட்டத்துக்கு வராமல் லயத்து வாசலில் உட்கார்ந்து இப்படிப் பேசுகிற தோழர்கள் உண்டு. அவர்களுக்கு ஆஸ்திரியா நாட்டுக் கொத்தனார் ஒருவரின் கதையைச் சொல்கிறேன்.

பெயர் கொலோமான் வாலிஷ். 1889-இல் லுகோஷ் என்ற ஊரில் பிறந்தவர். அன்று அது ஹங்கேரி, இன்று ருமேனியா. கொத்து வேலை பழகி, சங்கத்தில் சேர்ந்து, சமூக ஜனநாயகக் கட்சிக்கு வந்தார். 1919-இல் ஹங்கேரியில் தொழிலாளர் ஆட்சி கவிழ்ந்ததும் ஊரை விட்டுப் போகவேண்டியதாயிற்று. ஆஸ்திரியாவின் ஸ்டைரியா மாநிலத்தில் புருக் என்ற ஆலை நகரத்துக் கட்சிச் செயலாளரானார். 1930-இல் நாடாளுமன்ற உறுப்பினர். பிறகு மாநிலக் கட்சிச் செயலாளர்.

ஸ்டைரியா இரும்பு விளையும் பூமி. அங்கே டோனவிட்ஸ் இரும்பாலையில் 1928-இல் 'சுதந்திரச் சங்கம்' என்று ஒன்று முளைத்தது. பெயர்தான் சுதந்திரம், ஆதரவெல்லாம் கம்பெனியுடையது! பின்னால் உலக மந்தமும் வந்தது. வேலை போய்விடுமே என்ற பயம் வீட்டுக்கு வீடு புகுந்தது.

1933 மார்ச்சில் பிரதமர் டோல்ஃபுஸ் நாடாளுமன்றத்தை முடக்கினார். 1934 பிப்ரவரி 12-ஆம் தேதி லின்ஸ் நகரில் தொழிலாளர் ஆயுதம் ஏந்தினார்கள். பொது வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு போனது. வாலிஷ் புருக்குக்கு ஓடிவந்து முன்னே நின்றார். ஆனால் ரயில் நிற்கவில்லை. அரசாங்கப் படைக்கு வழி திறந்தே கிடந்தது.

ரயில்காரர்களைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். நான் திட்டமாட்டேன். முந்திய வருஷம் மார்ச்சில், சம்பளத்தை மூன்று தவணையாகத் தருவோம் என்று நிர்வாகம் சொன்னபோது, இரண்டே மணி நேரம் வேலையை நிறுத்தினார்கள். அதற்கே தண்டனை விழுந்தது. அடிபட்டவன் மறுபடி எழுந்து நிற்கப் பக்கத்தில் ஆள் வேண்டாமா? தலைவர்கள் அந்த வேலையை முன்கூட்டியே செய்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

பீரங்கி வந்ததும் வாலிஷ், மனைவி பவுலாவோடும் தோழர்களோடும் பனி மூடிய மலையில் ஏறினார். வழியில் கூட்டம் கரைந்தது. அவர் தலைக்கு 5,000 ஷில்லிங் விலை வைத்தது அரசாங்கம். பிப்ரவரி 18-இல் பிடிபட்டார். அடையாளம் கண்டு சொன்னவர், மனசு கேட்கமாட்டேன் என்கிறது, ஒரு ரயில்வே தொழிலாளி.

மறுநாளே லெயோபன் நகரில் அவசர விசாரணை. அன்று இரவே தூக்கு. வயது 44.

பவுலாவும் சிறை போனார். கணவரின் கதையைப் புத்தகமாக எழுதினார். போர் முடிந்து 1945-இல் தேர்தல் வந்தபோது, வாலிஷ் உட்கார்ந்திருந்த அதே நாடாளுமன்றத்துக்கு ஸ்டைரியா மக்கள் அந்த அம்மாளை அனுப்பிவைத்தார்கள்.