சொற்களை எண்ணியவர்கள்

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பர். ஒரு நாவலைக் குறித்து ஊர் இரண்டுபட்டபோது அந்தக் கொண்டாட்டம் புத்தக வணிகருக்கு வாய்த்தது. 1951 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்காவில் வெளிவந்த 'தி கேட்சர் இன் த ரை' என்னும் நாவல் இதுவரை ஆறரைக் கோடிப் படிகளுக்கு மேல் விற்றிருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. ரை என்னும் தானியம் விளைந்த வயலில் நின்று, விழப்போகும் குழந்தைகளைப் பிடித்துக் காப்பவன் என்பது அத்தலைப்பின் பொருள். எழுதியவர் ஜெ. டி. சாலிஞ்சர். 1919 இல் பிறந்து 2010 இல் மறைந்த அவர், 1965 ஆம் ஆண்டுக்குப் பிறகு புதிய கதை எதையும் வெளியிடாமல் ஒதுங்கியே வாழ்ந்தார். நூலைக் கூண்டில் ஏற்றிய வழக்கில் அதன் ஆசிரியர் சாட்சி சொல்ல முன்வரவில்லை. வாதிட்டவர், எதிர்வாதிட்டவர், தீர்ப்பு வழங்கியவர் அனைவரும் வாசகர்களே. அவர்களுள் எத்தனை பேர் நூலை முழுதும் படித்தனர் என்பதே ஐயம்.

கதை சிறிது. ஹோல்டன் கால்பீல்டு என்னும் பதினாறு வயது மாணவன் ஐந்து பாடங்களில் நான்கில் தோற்றுப் பென்சில்வேனியாவில் உள்ள உறைவிடப் பள்ளியிலிருந்து நீக்கப்படுகிறான். கிறிஸ்துமஸ் விடுமுறை தொடங்குமுன்பே ஓரிரவில் பள்ளியை விட்டுக் கிளம்பி, வீட்டுக்கும் போகத் துணியாமல், நியூயார்க் நகரில் விடுதியிலும் மதுக்கூடத்திலும் பூங்காவிலுமாக அலைகிறான். காணும் மனிதரை எல்லாம் போலிகள் என்கிறான். பத்து வயதுத் தங்கை பீபியிடம் மட்டும் மனம் திறக்கிறான். பின்னர் உடலும் உள்ளமும் நலிந்து, ஓய்வுக்காக அனுப்பப்பட்ட இடத்திலிருந்து இவற்றைத் தன் வாய்மொழியாகவே சொல்கிறான். வாய்மொழி என்பதால் அதில் வசையும் உண்டு.

அந்த வசைதான் முதற் கட்சியினரின் கண்ணில் பட்டது. நூல் வெளிவந்த அதே மாதத்தில் 'கிறிஸ்டியன் சயன்ஸ் மானிட்டர்' இதழில் மதிப்புரை எழுதியவர், இது சிறுவர் படிக்கத்தக்கதன்று என்றும், பெருவாரியாகப் பரவினால் இவனைப் போன்றோர் பெருகிவிடுவர் என்றும் அஞ்சினார். 1960 இல் ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகரில், பதினோராம் வகுப்பு மாணவருக்கு இந்நூலைப் படிக்கக் கொடுத்ததற்காக ஓர் ஆசிரியர் பணிநீக்கம் செய்யப்பட்டார். மேல்முறையீட்டில் ஆசிரியர் மீண்டும் பள்ளிக்கு வந்தார், நூல் வரவில்லை. 1978 இல் வாஷிங்டன் மாநிலத்து இசக்குவா நகரில் ஒருவர் பக்கம் பக்கமாகப் புரட்டி, இந்நூலில் 785 வசைச்சொற்கள் உள்ளன என்று எண்ணிச் சொன்னார். பொதுவுடைமைச் சூழ்ச்சியின் ஒரு பகுதி இது என்றும் குற்றம் சாட்டப்பட்டது. எழுநூற்று எண்பத்தைந்து! எண்ணிய பொறுமையைப் பாராட்டத்தான் வேண்டும். அப்பொறுமையில் பத்தில் ஒரு பங்கைப் படிப்பில் செலுத்தியிருந்தால் உண்மை தெரிந்திருக்கும்.

கதையின் முடிவுப் பகுதியில் ஹோல்டன் தங்கை பயிலும் பள்ளிக்குச் செல்கிறான். படிக்கட்டுச் சுவரில் எவனோ மிக இழிந்த வசை ஒன்றை எழுதியிருக்கிறான். அதைக் கண்டதும் ஹோல்டனுக்குக் குலை நடுங்குகிறது. தங்கையும் அவள் வயதுக் குழந்தைகளும் இதைப் பார்ப்பார்களே, பொருள் தெரியாமல் கேட்பார்களே, எவனாவது கோணலாக விளக்கம் சொல்வானே என்று துடிக்கிறான். கையாலேயே தேய்த்து அழிக்கிறான். இன்னொரு சுவரில் அதே சொல் கத்தியால் கீறப்பட்டிருக்கிறது, அது அழியவில்லை. அரும்பொருளகத்துக்குப் போனால் அங்கும் அதே சொல். உலகத்துச் சுவர்கள் அனைத்தையும் ஒருவனால் துடைத்துவிட முடியாது என்று அவன் சோர்ந்து போகிறான். தடை கோரியவர்கள் தங்கள் பட்டியலில் முதலிடம் கொடுத்த சொல் இதுவே. அச்சொல்லைக் குழந்தைகளின் கண்ணில் படாமல் அழிக்க முயன்ற ஒரே பாத்திரத்தைத்தான் அவர்கள் குழந்தைகளின் பகைவன் என்றார்கள். கணக்கெடுப்பு முழுமையாக இருந்தது, வாசிப்பு நடக்கவேயில்லை.

விலைமகள் ஒருத்தி விடுதி அறைக்கு வருகிறாளே என்பது அவர்களின் அடுத்த குற்றச்சாட்டு. ஆம், வருகிறாள். தன் வயதை ஒத்த பெண் என்பதை அறிந்ததும் அவன் உள்ளம் வாடுகிறது. சிறிது நேரம் பேசிக்கொண்டிருக்கலாமா என்று கேட்டு, பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிறான். ஒழுக்கக்கேட்டைத் தேடி இந்தப் பக்கங்களுக்கு வருபவன் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

இனி, போற்றியவர்கள். இவர்கள் செய்த தீங்கும் சிறிதன்று. பெரியவர்களின் உலகம் முழுவதும் பொய், ஹோல்டன் ஒருவனே மெய் என்று கொண்டு, அவனை இளைஞர் குலத்தின் வழிகாட்டியாக்கிவிட்டனர். நோபல் பரிசு பெற்ற வில்லியம் பாக்னரே 1958 இல் இந்நாவலைப் பாராட்டியபோது, மனித இனத்துக்குள் நுழைய அவன் முயன்றான், அங்கே மனித இனமே இல்லை என்னும் கருத்துப்படக் கூறினார். பாக்னர் பெரிய எழுத்தாளர். ஆயினும் இங்கே அவர் கூற்றை ஏற்பதற்கில்லை. காலைச் சிற்றுண்டி வேளையில் சந்திக்கும் இரண்டு கன்னியாஸ்திரிகள் யார்? அவர்களுக்குப் பத்து டாலர் நன்கொடை கொடுத்துவிட்டு, இன்னும் கொடுத்திருக்கலாமே என்று அவன் வருந்துகிறானே! தான் சேர்த்து வைத்த கிறிஸ்துமஸ் பணத்தை அண்ணனின் கையில் திணிக்கும் பீபி யார்? மனிதர்கள் இருந்தார்கள். அவனால் அவர்களிடம் தங்க முடியவில்லை என்பதே அவன் நோய்.

அவன் மெய்யனும் அல்லன். தன்னைப் போல் பொய் சொல்பவன் இல்லை என்று அவனே ஒப்புக்கொள்கிறான். தொடர்வண்டியில் உடன் பயிலும் மாணவனின் தாயைச் சந்திக்கும்போது, பள்ளிக் காவற்பணியாளரின் பெயரைத் தன் பெயராகச் சொல்கிறான். அவள் மகனை அவனுக்குச் சிறிதும் பிடிக்காது. ஆயினும் அவனைப்போல் அடக்கமும் பெருந்தன்மையும் உடையவன் இல்லை என்று அடுக்கடுக்காகப் புகழ்ந்து தாயின் உள்ளத்தைக் குளிர்விக்கிறான். போலிகளைச் சாடியவன் சொன்ன அந்தப் பொய், நூலின் கனிவான இடங்களுள் ஒன்று. அவனைத் தீர்க்கதரிசியாகக் கண்டவர்களுக்கு இந்த இடம் தொல்லை தருவது. எனவே தாண்டிச் சென்றுவிட்டனர்.

தலைப்பையே எடுத்துக்கொள்ளலாம். வயலில் விளையாடும் குழந்தைகள் பாறை விளிம்பில் விழாமல் பிடிப்பதே தன் விருப்பம் என்று ஹோல்டன் தங்கையிடம் சொல்கிறான். அந்தக் கற்பனை ராபர்ட் பர்ன்ஸ் பாடலிலிருந்து அவன் பெற்றது; ஆனால் சொல்லைத் தவறாகக் கேட்டிருக்கிறான். பாட்டில் 'சந்தித்தல்' இருக்க, அவன் காதில் 'பிடித்தல்' என்று விழுந்திருக்கிறது. பத்து வயதுத் தங்கை திருத்துகிறாள். பின்னர்ப் பூங்காவில், சுழலும் இராட்டினக் குதிரையில் இருந்தபடி பொன்வளையத்தை எட்டிப் பறிக்க முயலும் குழந்தைகளைப் பார்த்து, விழுந்தாலும் விழட்டும், தடுக்கக் கூடாது என்று அவனே முடிவுக்கு வருகிறான். பிடிப்பவன் பிடிப்பதை விட்டுவிட்டான். போற்றியவர்களோ நூலை அந்த இடத்துக்கு முன்பே மூடிவிட்டு, 'பிடிப்பவன்' என்ற பட்டத்தை மட்டும் சுமந்து திரிந்தனர். 1980 டிசம்பர் 8 அன்று நியூயார்க்கில் இசைக்கலைஞர் ஜான் லெனனைச் சுட்டுக் கொன்றவன், காவலர் வரும்வரை அங்கேயே நின்று இந்நூலைப் புரட்டிக்கொண்டிருந்தான். அக்கொலையை நூலின் தலையில் சுமத்துவது அறிவுடைமை ஆகாது. கொலை எதுவும் இல்லாத கதை அது.

அண்மைக் காலத்தில் மூன்றாவது கட்சி ஒன்று கிளம்பியுள்ளது. இளம் வாசகரிடையே ஹோல்டனுக்குப் பழைய செல்வாக்கு இல்லை என்று ஆசிரியர்கள் கூறுவதாக 2009 இல் 'நியூயார்க் டைம்ஸ்' எழுதியது. செல்வர் வீட்டுப் பிள்ளை, கையில் பணம், புலம்பலுக்கு என்ன குறை என்பது இவர்களின் எரிச்சல். முதலிரு கட்சிகளைவிட இவர்களின் சொல்லுக்கு ஓரளவு மதிப்புண்டு. அவன் தந்தை வழக்கறிஞர். அவன் செலவழிக்கும் பணம் பல வீட்டுப் பிள்ளைகள் கனவிலும் காணாதது. வறுமையில் வாடும் மாணவன் இவனைப் பார்த்து, உனக்கென்ன கேடு என்று கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் அக்கேள்விக்கு நூல் விடை வைத்திருக்கிறது. அவன் தம்பி ஆலி, 1946 ஜூலை 18 அன்று இரத்தப் புற்றுநோயால் இறந்தான். ஆலிக்கு வயது பதினொன்று, ஹோல்டனுக்குப் பதின்மூன்று. அன்றிரவு ஹோல்டன் கார் கொட்டகையில் படுத்து, அதன் சன்னற் கண்ணாடிகள் அனைத்தையும் கைமுட்டியால் உடைத்தான். கை முறிந்து மருத்துவமனையில் கிடந்தமையால் தம்பியின் அடக்கத்துக்கும் அவனால் போக இயலவில்லை. பதினாறு வயதிலும் அக்கையை இறுக மடக்க முடியாது. இவ்வளவும் ஒப்பாரியாகச் சொல்லப்படவில்லை. வேறொன்றைச் சொல்லும் வழியில், சிறிது இடத்தில் வந்து போகிறது. புலம்புகிறான் என்று சொல்பவர்கள், அவன் புலம்பாத இந்த ஓரிடத்தைக் கவனிக்கவில்லை.

இந்த இடம் வரும் முறைதான் மொழியாசிரியர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டியது. அறைத்தோழன் ஸ்ட்ராட்லேட்டர் தனக்காக ஓர் ஆங்கிலக் கட்டுரை எழுதித் தருமாறு ஹோல்டனைக் கேட்கிறான். ஓர் அறையையோ வீட்டையோ வருணிக்க வேண்டும், அவ்வளவே. ஹோல்டனோ தம்பியின் பேஸ்பால் கையுறையை வருணித்து எழுதுகிறான். ஆட்டக்களத்தில் பந்து வராத நேரத்தில் படிப்பதற்காக ஆலி அக்கையுறை முழுவதும் பச்சை மையால் கவிதைகளை எழுதி வைத்திருந்தான். இரவு திரும்பிய ஸ்ட்ராட்லேட்டர் கட்டுரையைப் பார்த்துச் சினக்கிறான். அறையைப் பற்றி எழுதச் சொன்னால் கையுறையைப் பற்றி எழுதியிருக்கிறாயே, சொன்னபடி எதையும் செய்யமாட்டாயா என்கிறான். ஹோல்டன் அதை வாங்கிக் கிழித்துப் போடுகிறான்.

ஸ்ட்ராட்லேட்டர் சொன்னதில் பிழை என்ன? தலைப்பு அறை; எழுதப்பட்டது கையுறை. விலகல் விலகல்தான். கட்டுரைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நள்ளிரவில் சிவப்பு மையால் 'தலைப்பிற்கு ஒவ்வாதது' என்று எழுதும் எந்த ஆசிரியரும் இதையே செய்திருப்பார். முறைப்படி அது சரி. அம்முறையால் ஒரு சிறுவனின் வாழ்வில் நடந்த ஒரே பெரிய நிகழ்ச்சி குப்பைக்குப் போயிற்று என்பதும் சரி. நாவலில் வசையை எண்ணியவர், பட்டம் சூட்டியவர், புலம்பல் என்று தள்ளியவர் ஆகிய மூவரும் ஸ்ட்ராட்லேட்டரின் உறவினர்களே. ஒழுக்கம் எங்கே என்று கேட்டார் ஒருவர், புரட்சி எங்கே என்றார் மற்றொருவர், வறுமை எங்கே என்றார் மூன்றாமவர். எதிரே இருந்ததோ கையுறை.

நூலில் வரும் ஆசிரியர்களை அரக்கராக்கவில்லை சாலிஞ்சர். வரலாற்றாசிரியர் ஸ்பென்சர் முதியவர், நல்லவர், மாணவனிடம் பரிவுடையவர். ஆயினும், பள்ளியை விட்டுப் போகும் மாணவன் விடைபெற வந்தபோது, அவன் தோற்ற எகிப்து விடைத்தாளை அவன் முன்னே உரக்கப் படித்துக் காட்டுகிறார். விடைத்தாளின் அடியில், தன்னைத் தோல்வியுறச் செய்தாலும் வருத்தமில்லை என்று மாணவன் எழுதியிருந்த குறிப்பையும் விடாமல் படிக்கிறார். தம்மை அவர் குற்றவாளியாக உணராமலிருக்கவே அவன் அதை எழுதியிருக்க, அதுவும் குத்தலாகவே முடிகிறது. நல்லெண்ணம் உடைய ஆசிரியர் ஒருவர் மாணவனை இழக்கும் முறையை இதைவிடத் தெளிவாக எந்தப் பயிற்சிக் கல்லூரிப் பாடநூலும் காட்டியதில்லை.

மற்றொருவர் அன்டோலினி. மாடியிலிருந்து விழுந்து இறந்த மாணவன் ஒருவனை, இரத்தக்கறை படியும் என்று கருதாமல் தம் மேற்சட்டையால் போர்த்தித் தூக்கிச் சென்றவர் அவர். இரவில் அடைக்கலம் கேட்டு வந்த ஹோல்டனுக்கு இடமும் தருகிறார். உறங்கியவன் விழித்தபோது அவர் அவன் தலையை வருடிக்கொண்டிருக்க, அவன் அஞ்சி ஓடிவிடுகிறான். அது பரிவா, வேறொன்றா? வாசகர் இங்கும் இரண்டுபட்டனர். நாவல் தீர்ப்புச் சொல்லவில்லை. தான் தவறாக எண்ணிவிட்டோமோ என்று ஹோல்டனும் பின்னர் மயங்குகிறான். மாணவன் அஞ்சினான் என்பது மட்டும் ஐயத்துக்கு இடமில்லாதது. ஆசிரியர் இவ்விடத்தைத் தாண்டிச் சென்றுவிடாமல் வகுப்பிலே நின்று பேசுவது நல்லது.

இந்நூலைத் தடுக்க வேண்டுமா, புகுத்த வேண்டுமா என்பது அமெரிக்கப் பள்ளிகளில் பல்லாண்டு நடந்த சண்டை. 1981 இல் அந்நாட்டுப் பொதுப் பள்ளிகளில் மிகுதியாகத் தடுக்கப்பட்டதும் இதுவே, மிகுதியாகக் கற்பிக்கப்பட்டவற்றுள் இரண்டாம் இடம் பெற்றதும் இதுவே என்பர். ஹோல்டன் நல்லவனா தீயவனா என்று வினாத்தாளில் கேட்டுப் பத்து மதிப்பெண் ஒதுக்குவதுதான் கற்பித்தல் என்றால், தடுத்தவர்களுக்கும் கற்பித்தவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பதினாறு வயது மாணவிக்கு அவன்மேல் எரிச்சல் வரலாம். அவள் அருகில் இருப்பவன் கண் கலங்கலாம். எரிச்சல் எந்தப் பக்கத்தில் தொடங்கியது, கண் எந்தச் சொல்லில் கலங்கியது என்று கேட்கும் வகுப்பில்தான் நூல் திறக்கப்படுகிறது.

ஹோல்டன் தோற்ற பாடங்களுள் ஒன்று பேச்சுப் பயிற்சி. ஒரு மாணவன் எழுந்து பேச வேண்டும். பொருளை விட்டு விலகினால் மற்றவர்கள் உடனே 'விலகல்' என்று கூவ வேண்டும். கின்செல்லா என்னும் கூச்சமுள்ள மாணவன் தன் தந்தையின் பண்ணையைப் பற்றிப் பேச எழுந்தான். பாதியில், நாற்பத்திரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் கண்ட தன் மாமாவின் பேச்சு வந்துவிட்டது. காலுக்குப் பூட்டிய கட்டைப் பிறர் பார்க்கலாகாதென்று, மருத்துவமனைக்கு எவரும் வரவேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டாராம். பண்ணைக்கும் அதற்கும் தொடர்பில்லை. வகுப்பு முழுவதும் 'விலகல், விலகல்' என்று கூவியது. ஹோல்டன் ஒருவனுக்கு மட்டும் அப்பேச்சு பிடித்திருந்தது. கின்செல்லாவுக்கு ஆசிரியர் வழங்கிய தரம் 'டி பிளஸ்'.