தேடல் ஏறினால் போதுமா?

2024 பிப்ரவரி 2 அன்று, நடிகை பூனம் பாண்டே கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்துவிட்டதாக அவரது இன்ஸ்டாகிராம் பக்கத்தில் செய்தி வந்தது. மறுநாள் அவரே தோன்றி, விழிப்புணர்வுக்காகச் செய்ததாகச் சொன்னார். அந்நாள்களில் இந்நோயைப் பற்றிய இணையத் தேடல் செங்குத்தாக ஏறியது. ஆனால் பிப்ரவரி 1 அன்றுதான் நிதியமைச்சர் இடைக்கால பட்ஜெட் உரையில் 9 முதல் 14 வயதுச் சிறுமியருக்கான தடுப்பூசியைப் பற்றிப் பேசியிருந்தார். எந்தத் தேடல் எதனால் வந்தது என்பதை வரைபடத்தின் கோடு பிரித்துச் சொல்லாது.

கூகுள் ட்ரெண்ட்ஸ் காட்டும் எண் ஆட்களின் எண்ணிக்கை அல்ல. நாம் தேர்ந்த காலத்திலும் இடத்திலும், மொத்தத் தேடல்களில் அந்தச் சொல்லின் பங்கு உச்சம் தொட்ட புள்ளியே 100. காலவரம்பை மாற்றினால் அதே நாளின் எண்ணும் மாறிவிடும். தேடல் மிகக் குறைவாக இருந்தால் 0 என்றே காட்டும்; அதை அக்கறையின்மை என்று எழுதிவிடக் கூடாது. தேடுசொல்லிலும் கவனம் வேண்டும். நம் புறநோயாளிப் பிரிவுக்கு வரும் பெண்கள் ‘கர்ப்பப்பை கேன்சர்’ என்பார்கள், ‘வெள்ளைப்படுதல்’ என்பார்கள். பாடநூல் சொல்லை மட்டும் இட்டுப் பார்ப்பவருக்கு அவர்கள் கண்ணில் படமாட்டார்கள். அதோடு, அறிகுறியைத் தேடுபவர் பரிசோதனையைத் தேடுபவர் அல்லர். அறிகுறி இல்லாதவருக்குத்தானே ஸ்கிரீனிங்!

ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21), இந்தியாவில் எப்போதேனும் இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் மூன்றில் ஒரு பங்கினரே. 30 முதல் 49 வயதுப் பெண்களில் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 100க்கு 2 பேர்கூட இல்லை. நாம் முதலில் எட்ட வேண்டியவர்களில் பலர் அந்தக் கோட்டுக்குள்ளேயே வரவில்லை.

இங்கிலாந்தில் தொலைக்காட்சிப் பிரபலம் ஜேட் கூடி இதே நோயால் 2009 மார்ச்சில் இறந்தார். அவருக்கு நோய் கண்டறியப்பட்டதையும் அவர் இறந்ததையும் ஒட்டிய மாதங்களில், வழக்கத்தைவிடச் சுமார் 5 லட்சம் பேர் கூடுதலாகப் பரிசோதனைக்கு வந்தார்கள். அங்கே பெண்களுக்குக் கடிதம் அனுப்பி அழைக்கும் ஏற்பாடு முன்பே இருந்தது. அதனால்தான் எழுந்த ஆர்வத்துக்குப் போய்ச் சேர ஓர் இடம் கிடைத்தது. அந்த மாற்றத்தை எண்ணிச் சொன்னதும் பரிசோதனைப் பதிவுகள்தான்.

தேடல் தரவு வேண்டாம் என்பதல்ல நம் நிலை. செலவில்லாமல், அன்றன்றைக்கே கிடைக்கும் தடயம் அது. ஆனால் அதையே வெற்றியின் அளவுகோலாகக் கொள்ளும் கட்டுரைகளை ஏற்பதற்கில்லை. வரும் அக்டோபர் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதத்தைப் பற்றி எழுதவிருக்கும் நண்பர்கள், தேடல் வரைபடத்தோடு அடுத்த எட்டு வாரங்களுக்கான உங்கள் மையத்துப் பரிசோதனைப் பதிவேட்டு எண்களையும் சேர்த்து அனுப்புங்கள்.