வடம் பிடித்தவர்கள் எங்கே போனார்கள்?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கால்பந்து அரங்குகளில் மாணவர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட வரிசைகள் காலியாகக் கிடப்பது அந்நாட்டில் நெடுநாளாகப் பேசப்பட்டு வரும் செய்தி. 2009ஆம் ஆண்டிலிருந்து மாணவர் வருகை சராசரியாக 7.1 விழுக்காடு குறைந்துவிட்டது என்று 2014இல் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நாளிதழ் கணக்கிட்டு எழுதியது. மேல்நிலைப் பிரிவு அணிகளின் ஆட்டங்களுக்கு வந்தவர்களின் சராசரி 2018இல் 41,856ஆக இறங்கியது. 1996க்குப் பிறகு அதுவே மிகக் குறைந்த எண். அதே ஆண்டில் அந்நாளிதழ் மற்றொன்றையும் வெளிக்கொணர்ந்தது. பல்கலைக்கழகங்கள் அறிவிக்கும் வருகை எண்ணிக்கையில் ஏறத்தாழ 71 விழுக்காட்டினரே உண்மையில் வாயிலைக் கடந்து உள்ளே வந்தவர்கள். மற்றவை விற்கப்பட்டும் பயன்படாத சீட்டுகள், கணக்கில் மட்டும் அமர்ந்திருந்த மனிதர்கள்.

பெருந்தொற்றுக் காலத்திற்குப் பின் பல அரங்குகளில் கூட்டம் திரும்பியிருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் கேள்வி அப்படியே நிற்கிறது. விடுதியிலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய தொலைவில் ஓர் அரங்கு. உள்ளே ஆடுவது தன் பல்கலைக்கழகத்தின் அணி. அப்படியிருந்தும் இருபது வயது மாணவன் ஏன் வருவதில்லை? வந்தாலும் ஏன் பாதியில் எழுந்து போகிறான்?

கால்பந்து என்ற சொல் நம் வாசகர்களுக்கு வேறோர் ஆட்டத்தை நினைவூட்டும். இங்கே நான் பேசுவது தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டத்தை. இதன் முதல் கல்லூரிப் போட்டி 1869ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் நியூ ஜெர்சியில் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகளுக்கு இடையே நடந்தது. பக்கத்துக்கு 25 பேர். ரட்கர்ஸ் 6க்கு 4 என்று வென்றது. அன்றைக்கு அது இன்றைய ஆட்டத்தை ஒத்திருக்கவில்லை என்பது வேறு செய்தி. கவனிக்கத்தக்கது, தொடக்க காலத்தில் இதை நடத்தியவர்கள் மாணவர்களே என்பதுதான். நிர்வாகம் பின்னால் வந்தது. 1905இல் ஆட்டத்தின் முரட்டுத்தனத்தால் உயிர்கள் போயின. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டே தலையிட நேர்ந்தது. அதையடுத்து 1906இல் உருவான அமைப்புதான் பிற்பாடு என்.சி.ஏ.ஏ. என்று பெயர் பெற்ற தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம். ஹார்வர்டின் அரங்கு 1903இலும், யேலின் அரங்கு 1914இலும், மிச்சிகனின் அரங்கு 1927இலும் எழுந்தன. மிச்சிகன் அரங்கில் இன்று 107,601 இருக்கைகள்.

நம் ஊர்த் தேர்த்திருவிழாவில் இரு வகை மனிதர்கள் உண்டு. வடம் பிடிப்பவர்கள் ஒரு வகை. மாடியில் நின்று வேடிக்கை பார்ப்பவர்கள் மற்றொரு வகை. அமெரிக்கப் பல்கலைக்கழக ஊர்களின் சனிக்கிழமைத் திருவிழாவில் மாணவர்கள் வடம் பிடிப்பவர்களாகவே இருந்தார்கள். கூச்சலும் இசைக்குழுவும், எதிரணியைக் கேலி செய்யும் பாட்டும் அவர்களுடையவை. அவர்களில்லாமல் தேர் நகராது.

இன்று அவர்கள் வராததற்குப் பெரும்பாலோர் சொல்லும் காரணம் கைப்பேசி. அரங்கில் இணையத் தொடர்பு சரியில்லை. இளைஞர்களுக்கு மூன்று மணி நேரம் ஓரிடத்தில் இருக்கப் பொறுமையில்லை. அறையில் பெரிய திரையும் குளிர்பதனமும் இருக்கின்றன. இதை நம்பியே நிர்வாகங்கள் அரங்குகளில் இணைய வசதி செய்தன, இராட்சதத் திரைகளை நிறுத்தின. தென்கிழக்குக் கூட்டணி 2019இல் அரங்குகளின் பொதுப்பகுதியில் மதுவிற்பனைக்கு இருந்த தடையை நீக்கியது. அதே ஆண்டில் அலபாமா பல்கலைக்கழகம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. மாணவரின் கைப்பேசியில் ஒரு செயலி. அவர் அரங்கில் இருக்கிறாரா என்பதை அது இருப்பிடத்தைக் கொண்டு அறியும். வந்தால் 100 புள்ளிகள், நான்காம் பகுதிவரை இருந்தால் 250 புள்ளிகள். புள்ளிகள் சேர்ந்தவருக்கு முக்கிய ஆட்டங்களின் சீட்டில் முன்னுரிமை. திருவிழாவுக்கு வந்தவர்களிடம் வருகைப்பதிவேட்டை நீட்டியதற்கு ஒப்பானது இது. வகுப்பறையில் வருகைப்பதிவு எடுத்து எடுத்துச் சலித்த என் போன்றோருக்கு ஒன்று தெரியும்: உடலை வரவழைக்க அது உதவும், மனத்தை வரவழைக்க உதவாது.

கைப்பேசிக்குப் பங்கில்லை என்று நான் வாதிட மாட்டேன். காலக்கணக்கு அதற்குப் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் பழி முழுவதையும் கைப்பேசியின்மேல் போடுவது நிர்வாகங்களுக்கு மிகவும் வசதியானது. அவை செய்தவற்றைப் பற்றி யாரும் கேட்க வேண்டியதில்லை என்றாகிவிடுகிறது.

அவை செய்தது என்ன என்று பார்க்க 1984க்குப் போக வேண்டும். அதற்கு முன், எத்தனை ஆட்டங்கள் தொலைக்காட்சியில் வரலாம் என்பதை என்.சி.ஏ.ஏ. கட்டுப்படுத்தி வைத்திருந்தது. தொலைக்காட்சி அரங்கின் கூட்டத்தைக் குறைத்துவிடும் என்ற அச்சமே 1950களின் தொடக்கத்தில் அந்தக் கட்டுப்பாட்டுக்கு அடிப்படையாக இருந்தது. ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு தொடுத்த வழக்கில், இது போட்டிச் சந்தையை முடக்கும் செயல் என்று 1984இல் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் பைரன் வைட். கொலராடோ பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரராக இருந்தவர். கல்லூரி விளையாட்டை வெறும் வணிகமாகக் கருதுவது தவறு, அதற்குக் கல்வி சார்ந்த நோக்கங்கள் உண்டு என்பது அவர் கட்சி. சட்டப்படி பெரும்பான்மைத் தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். தொலைவில் இருக்கும் இரசிகர்களுக்கு அதனால் நன்மையும் விளைந்தது. ஆனால் அன்று திறந்த கதவின் வழியாக உள்ளே வந்தது பணம் மட்டுமன்று. புதிய எசமானரும் வந்தார்.

அந்த எசமானர்தான் இன்று ஆட்டம் எப்போது தொடங்கும் என்பதை முடிவு செய்கிறார். பல ஆட்டங்களின் தொடக்க நேரம் பன்னிரண்டு நாள்களுக்கு முன்புதான், சில வேளைகளில் ஆறே நாள்களுக்கு முன்புதான் தெரியவரும். முற்பகலாகவும் இருக்கலாம், இரவு வெகுநேரம் கழித்தும் இருக்கலாம். சனிக்கிழமைகளில் உணவகத்திலோ கடையிலோ வேலை பார்த்துக் கல்விச் செலவைச் சமாளிக்கும் மாணவர், தம் வேலை நேரத்தை இதற்கு ஏற்ப எப்படி மாற்றிக்கொள்வார்? ஆட்டக் கடிகாரத்தின்படி ஆட்டம் 60 நிமிடம். அரங்கில் அது மூன்று மணி நேரத்தைத் தாண்டி நீள்கிறது. விளம்பர இடைவேளைகளில் சிவப்புத் தொப்பி அணிந்த ஒருவர் களத்துக்குள் வந்து நிற்கிறார். அவர் விலகும்வரை ஆட்டம் தொடங்காது. வீட்டில் இருப்பவர் அந்நேரத்தில் தண்ணீர் குடித்து வருகிறார். காசு கொடுத்து வந்தவர் வெயிலிலோ பனியிலோ ஒன்றும் நடக்காத களத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த ஆட்டம் யாருக்காக நடத்தப்படுகிறது என்பதை அந்தச் சிவப்புத் தொப்பி ஒவ்வொரு முறையும் அவருக்குச் சொல்லிவிட்டுப் போகிறது.

பெரிய அணிகள் சிறிய அணிகளுக்குப் பத்து இலட்சம் டாலருக்கும் மேல் கொடுத்துத் தம் அரங்கில் வந்து தோற்றுப்போகச் செய்யும் வழக்கமும் உண்டு. முடிவு முன்னமே தெரிந்த அத்தகைய ஆட்டத்தின் பாதியில் எழுந்து செல்லும் மாணவனை விசுவாசமற்றவன் என்று பயிற்சியாளர் கடிந்துகொள்வது எனக்கு வியப்பளிக்கிறது. நாடகம் தட்டையாக இருந்தால் பார்வையாளனையா திட்டுவது?

மிச்சிகனின் எடுத்துக்காட்டு தெளிவானது. 2013இல் அங்கு மாணவர்களுக்கான குறித்த இருக்கை முறை நீக்கப்பட்டு, முன்னால் வருபவருக்கு முன் இடம் என்றாக்கப்பட்டது. சீட்டின் விலையும் கடுமையாக உயர்ந்திருந்தது. 2014இல் மாணவர்களின் பருவச்சீட்டு விற்பனை பெரிதும் சரிந்தது. அந்தப் பருவத்தில் தலையில் அடிபட்ட ஆட்டக்காரர் ஒருவர் மீண்டும் களத்துக்குள் அனுப்பப்பட்டபோது சினம் வெடித்தது. விளையாட்டுத் துறை இயக்குநரை நீக்கக் கோரி மாணவர்கள் திரண்டார்கள். அக்டோபர் இறுதியில் அவர் பதவி விலகினார். அடுத்த பருவத்திற்கு மாணவர் சீட்டின் விலை குறைக்கப்பட்டது. இவர்களை அக்கறையற்ற தலைமுறை என்று எப்படிச் சொல்வது? அக்கறையற்றவர்கள் ஊர்வலம் போவதில்லை.

எல்லாவற்றையும்விட ஆழமான காயம் பகையணிகள் பிரிக்கப்பட்டது. 2022இல் 'பிக் டென்' கூட்டணி ஏழாண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கும் மேல் மதிப்புள்ள ஒளிபரப்பு ஒப்பந்தத்தை அறிவித்தது. அத்தகைய தொகைகளின் ஈர்ப்பில் பல்கலைக்கழகங்கள் இடம் பெயர்ந்தன. 2024இல் லாஸ் ஏஞ்சலிசின் இரு பெரும் பல்கலைக்கழகங்களும், ஓரிகனும் வாஷிங்டனும் மத்திய மேற்கில் பிறந்த அந்தக் கூட்டணியில் சேர்ந்தன. பசிபிக் கரையோரத்து ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டணியின் உறுப்பினர்களாயின! நிலவியல் ஆசிரியர் விடைத்தாளில் சிவப்புக் கோடிட வேண்டிய பிழை, ஒப்பந்தமாகக் கையெழுத்தாகியது. ஓக்லஹோமா மாநிலத்தின் இரு பெரும் பல்கலைக்கழகங்கள் நூறாண்டுகளுக்கு மேலாக ஆடிவந்த வருடாந்தர ஆட்டம் 2023உடன் நின்றது. பக்கத்து ஊர்க்காரனோடு பகை கொண்டாடுவதில் ஒரு நெருக்கம் உண்டு. அவன் நம் உறவினன், நம் பள்ளித்தோழன். மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் அந்நியனை எதிரணி என்று அட்டவணையில் எழுதிவிடலாம். பாட்டுக்கட்டிக் கேலி செய்ய முடியுமா?

ஆட்டக்காரர்களுக்குப் பணம் கிடைக்கத் தொடங்கியதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று சிலர் கூறுகிறார்கள். அவர்கள் ஆண்டுகளைச் சரிபார்க்க வேண்டும். தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பொருளீட்ட ஆட்டக்காரர்களுக்கு அனுமதி கிடைத்தது 2021 ஜூலையில்தான். வருவாயில் நேரடிப் பங்கு தருவதற்கு நீதிமன்றம் ஒப்பியது 2025 ஜூனில். மாணவர் வரிசைகள் காலியான செய்தி அதற்கு வெகுமுன்பே வந்துவிட்டது. பல ஆண்டுகள் பிறர் மட்டும் சம்பாதித்தபோது கெடாத தூய்மை, உழைப்பவன் கூலி பெற்றதும் கெட்டுவிட்டது என்பது எந்த நாட்டிலும் கேட்டுப் பழகிய வாதம்.

மற்றொரு சாராரின் கருத்து இதற்கு நேரெதிர்: மாணவர்கள் ஆட்டத்துக்குப் போகாதது நல்லதே, படிக்கட்டும். சிகாகோ பல்கலைக்கழகம் இராபர்ட் ஹட்சின்ஸ் தலைமையில் 1939இல் கால்பந்தையே கைவிட்டது; அதன் கல்விப் புகழ் குறைந்துவிடவில்லை. ஆசிரியன் என்ற முறையில் இந்த வாதம் என்னைக் கவர வேண்டும். ஆனால் அரங்கை விட்டு எழுந்தவர்கள் நூலகத்துக்குப் போனார்கள் என்று நம்ப எனக்குக் காரணமில்லை. அதே ஆட்டத்தைத்தான் அறையில் திரையில் பார்க்கிறார்கள். இழந்தது ஆட்டத்தையன்று, பொறியியல் மாணவியும் வரலாற்று மாணவனும் பெயர் தெரியாமலே தோளோடு தோள் நின்று குரல் கொடுக்கும் அந்த மூன்று மணி நேரத்தை. பாடத்திட்டத்தில் அதற்கு மதிப்பெண் கிடையாது. பல்கலைக்கழகம் என்ற சொல்லில் உள்ள கழகத்துக்கு வேறு பொருளும் கிடையாது.

கைப்பேசிதான் காரணம் என்றால் எல்லா இடத்திலும் ஒன்றுபோலவே நிகழ வேண்டும். அப்படி நிகழவில்லை. டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் ஆட்டம் முழுவதும் நின்றுகொண்டே இருக்கிறார்கள். 1922 ஜனவரியில் நடந்த ஓர் ஆட்டத்தில் ஆள் பற்றாக்குறை வந்துவிடும்போல் இருந்தபோது, பார்வையாளர் பக்கத்திலிருந்து இறங்கிச் சீருடை அணிந்து தயாராக நின்ற இ. கிங் கில் என்ற மாணவரின் நினைவு அது. தேவைப்பட்டால் களமிறங்குவோம் என்பதே அந்த நிலையின் பொருள். அயோவாவில் 2017இல் ஒரு புதிய வழக்கம் தோன்றியது. அரங்கை ஒட்டி உயர்ந்து நிற்கிறது குழந்தைகள் மருத்துவமனை. முதல் பகுதி ஆட்டம் முடிந்ததும் அரங்கமே திரும்பி, மேல்தளச் சன்னல்களில் நிற்கும் நோயுற்ற குழந்தைகளை நோக்கிக் கையசைக்கிறது. ஓர் இரசிகரின் யோசனையாகப் பிறந்த வழக்கம் இது. எந்த விளம்பர நிறுவனமும் வகுத்துக் கொடுத்ததன்று. இதை வீட்டிலிருந்தபடி செய்ய இயலாது. அசைக்கும் கை அங்கே இருந்தாக வேண்டும்.

இவ்விரு இடங்களிலும் மாணவர்களின் சட்டைப்பையில் கைப்பேசி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அவர்களுக்குச் செய்வதற்கு ஒரு வேலையும் இருக்கிறது. தான் இல்லாவிட்டால் ஏதோ ஒன்று குறையும் என்று அறிந்தவன் வருகிறான். தான் தொலைக்காட்சிப் படத்தின் பின்னணி வண்ணம் மட்டுமே என்று உணர்ந்தவன் வருவதில்லை.

ஆகவே நிர்வாகங்கள் செய்யக்கூடியவை எளியவை, ஆனால் விலையுள்ளவை. ஆட்ட நேரத்தைப் பருவம் தொடங்குமுன் அறிவிக்கலாம். நன்கொடையாளருக்குக் கொடுத்த நடுவரிசைகளில் ஒரு பகுதியை மாணவர்களுக்குத் திருப்பித் தரலாம். ஒப்பந்தம் எதுவானாலும் பக்கத்து ஊர் அணியோடு ஆண்டுக்கோர் ஆட்டம் உண்டு என்று உறுதி செய்யலாம். இவை ஒவ்வொன்றும் ஒளிபரப்பு வருவாயில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்கக் கோருபவை. அந்த இழப்புக்கு மனமில்லாதவர்கள் செயலியும் புள்ளியும் கொடுத்துப் பார்க்கட்டும். வடத்தை மாணவர் கையிலிருந்து வாங்கி ஒளிபரப்பாளரிடம் கொடுத்தவர்கள் அவர்களே. தெருவில் ஆளில்லையே என்று வருந்தும் உரிமை அவர்களுக்கு இல்லை.