கடன் இல்லை என்றால் கணக்கைக் காட்டு!

பாங்கி வாசலில் ஏழைக்குக் கிடைக்கும் பதில் இன்று இரண்டே சொல்லில் அடங்கிவிட்டது: "சிபில் சரியில்லை."

நெடுங்காட்டில் குறுவைச் செலவுக்குப் பணம் கேட்கும் விவசாயிக்கும் இதே பதில். கிளிஞ்சல்மேட்டில் படகுக்கு என்ஜின் வாங்கக் கடன் கேட்கும் மீனவருக்கும் இதே பதில். மகளைக் கல்லூரியில் சேர்க்கக் கல்விக் கடன் கேட்கும் தாய்க்கும் இதே பதில். என்ன சரியில்லை? எந்தக் கடன்? எந்தத் தவணை? யார் எழுதிய கணக்கு? கேட்டால் அதிகாரி கம்ப்யூட்டரைக் காட்டுகிறார். மேலே பேச்சில்லை.

அன்று மிராசுதாரின் கணக்குப்பிள்ளை நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, "உன் பேரில் பாக்கி இருக்கிறது" என்பார். நோட்டைக் காட்டமாட்டார். காட்டினாலும் பண்ணையாளுக்குப் படிக்கத் தெரியாது. அந்த நோட்டுத்தான் இன்று கம்ப்யூட்டருக்குள் புகுந்திருக்கிறது!

நோட்டு யார் கையில்?

சிபில் 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டபோது ஸ்டேட் பாங்கியும் எச்.டி.எப்.சி.யும் அதன் பங்குதாரர்கள். இன்று அதன் பெரும்பங்கு அமெரிக்காவின் சிகாகோ நகரத்து டிரான்ஸ்யூனியன் கம்பெனியிடம் இருக்கிறது. ஈக்விபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிப் ஹைமார்க் ஆகிய மற்ற மூன்றுக்கும் தாய்க் கம்பெனிகள் வெளிநாட்டில்தான். நம்முடைய கடனை, நம்முடைய பாங்கிகள் எழுதிக் கொடுக்க, அந்நியக் கம்பெனி 300 முதல் 900 வரை மார்க்குப் போடுகிறது! திருநள்ளாற்று விவசாயியின் நாணயத்துக்குச் சிகாகோ முதலாளி அத்தாட்சி வழங்குகிறான்!

"வாங்கிய கடனைக் கட்ட வேண்டாமா?" என்று சில கனவான்கள் கேட்கிறார்கள். கட்ட வேண்டும், மறுக்கவில்லை. ஆனால், 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவை அடித்துப் போட்டபோது தவணை தவறியவன் மோசக்காரனா? கட்டி முடித்த கடன் முடிந்ததாகப் பதிவாகாவிட்டால் அது யார் குற்றம்? பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போனதால் வேறொருவர் பாக்கி இவர் தலையில் ஏறினால் அது யார் குற்றம்? கணக்கைப் பார்க்காமல் இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது

பாங்கிகள் வாய் திறந்து சொல்லாத செய்திகளை நாம் சொல்வோம்.

ஒன்று: 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் கம்பெனிகள் சட்டத்தின் 21ஆவது பிரிவுப்படி, கடன் கேட்டு மனுச் செய்தவர், பாங்கி தன்னைப் பற்றி வாங்கிய அறிக்கையின் நகலைக் கேட்கலாம். அறிக்கையைக் காரணம் காட்டிக் கடனை மறுத்தால், 30 நாளுக்குள் எழுத்து மூலம் காரணம் தெரிவித்து, அறிக்கையின் நகலும் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டு விதிமுறை. வாய்ப் பேச்சில் விரட்டிவிட எந்த மானேஜருக்கும் உரிமை கிடையாது.

இரண்டு: 2017 முதல், ஒவ்வொரு கம்பெனியும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கு கம்பெனி, நான்கு அறிக்கை, காலணா செலவில்லை.

மூன்று: தவறு இருந்தால் புகார் செய்யலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால், 2024 ஏப்ரல் 26 முதல், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு. அதற்கும் மசியாவிட்டால் ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

நான்கு: முதன்முறை கடன் கேட்பவரை, முன்கணக்கு இல்லை என்ற ஒரே காரணத்தால் தள்ளக்கூடாது என்று 2025 ஆகஸ்டில் மத்திய சர்க்காரே பார்லிமெண்டில் சொன்னது. சிபில் மார்க்குக் குறைவு என்று கல்விக் கடனை மறுக்கக்கூடாது என்று 2023 மே மாதம் கேரள ஹைகோர்ட்டு தீர்ப்பளித்தது.

இவை இருந்தும் ஏன் கிடைப்பதில்லை? கேட்பதற்கு ஆள் இல்லாததால்! உரிமை சட்டப் புத்தகத்தில் தூங்குகிறது. ஏழை வெறுங்கையோடு வீடு திரும்புகிறான். அங்கே நுண்கடன் கம்பெனியின் ஆள் காத்திருக்கிறான். பாங்கி மூடிய கதவு, வட்டிக்கடைக்குத் திறக்கும் வாசல்!

ஏழைக்கு ஒரு நீதி, கோடீஸ்வரனுக்கு ஒரு நீதி

பத்து நிதியாண்டுகளில் பாங்கிகள் 16.35 லட்சம் கோடி ரூபாய் வராக்கடனைக் கணக்கிலிருந்து நீக்கின என்று 2025 மார்ச்சில் பார்லிமெண்டில் தெரிவிக்கப்பட்டது. அதில் 9.27 லட்சம் கோடி பெரிய தொழில், சேவைக் கம்பெனிகளுடையது. "இது தள்ளுபடி அல்ல, வசூல் தொடரும்" என்கிறார்கள். அப்படியே இருக்கட்டும். அந்தச் சமாதானத்தை நெடுங்காட்டு விவசாயிக்கு ஏன் சொல்வதில்லை? வேண்டுமென்றே கடன் கட்டாதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களோடும் சமரசம் செய்துகொள்ளலாம் என்று 2023 ஜூன் 8ல் ரிசர்வ் பாங்கி வழிவிட்டது. பாங்கி ஊழியர் சங்கங்கள் எதிர்த்தன. ஆனால் சில ஆயிரம் ரூபாயைச் சமரசமாகக் கட்டி முடித்த ஏழையின் அறிக்கையில் அந்தக் கறை ஆண்டுக்கணக்கில் நிற்கிறது!

வாஞ்சூரைத் தாண்டினாலும் பூவத்தைத் தாண்டினாலும் தமிழ்நாடு. அங்கே 2025ல் கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கும் சிபில் அறிக்கை பார்க்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தபோது விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். எல்லைக்கோடு சர்க்கார்களைப் பிரிக்கலாம். காவிரித் தண்ணீரையும் கடன்காரன் கண்ணீரையும் பிரிக்காது.

நமது கோரிக்கைகள் இவை: கடன் மறுத்தால் எழுத்தில் காரணமும் நகலும் அன்றே கொடு! அறிக்கையைத் தமிழில் கொடு! பயிர்க்கடன், மீனவர் கடன், கல்விக் கடன் மூன்றையும் மார்க்கிலிருந்து விடுவி! மக்களின் கடன் கணக்கை அந்நியக் கம்பெனிகளிடமிருந்து மீட்டு, ரிசர்வ் பாங்கியின் பொதுப் பதிவேட்டில் வை!

கோரிக்கை எழுதினால் மட்டும் போதாது. விவசாயிகள் சங்கம், மாதர் சங்கம், வாலிபர் சங்கம் ஆகியவற்றின் தோழர்கள் ஒவ்வொரு கொம்யூனிலும் கடன் மறுக்கப்பட்டவர்களைத் திரட்ட வேண்டும். இலவச அறிக்கையை எடுத்து, வரிக்கு வரி படித்துச் சொல்ல வேண்டும். தவறு கண்டால் புகார் எழுதித் தர வேண்டும். தனி ஆளாகப் போனால் விரட்டுகிற மானேஜர், நூறு பேர் மனுவோடு போனால் நாற்காலி போடுவார்.

கணக்கைக் காட்டாதவனுக்குக் கடன்காரன் என்று நம்மைச் சொல்ல யோக்கியதை இல்லை. கேட்போம், கூட்டாகக் கேட்போம்!